புற்றுநோய் வருவது பரம்பரையாலா, கிருமியாலா?

ஒருவருக்குப் புற்றுநோய் என்று தெரிந்ததும் சுற்றியிருப்பவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "வீட்டில் வேறு யாருக்காவது இருந்ததா?" என்பதுதான். இருந்தது என்றால் "அப்போ பரம்பரை" என்று முடித்துவிடுவார்கள். இல்லை என்றால் "ஒரு கெட்ட பழக்கமும் கிடையாதே, எப்படி வந்தது?" என்று குழம்புவார்கள். வைரஸால் கேன்சர் வரும் என்று எங்கேயோ படித்திருப்பார்கள், வாயில் இருக்கும் பாக்டீரியா குடல் கட்டிக்குள் கிடைத்தது என்று வேறெங்கேயோ படித்திருப்பார்கள், ஆனால் இந்த மூன்றும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத மூன்று செய்திகளாகவே மனதில் நிற்கும். அப்படி இல்லை. பல இடங்களில் பரம்பரைக் கோளாறும் வைரஸும் தாக்குவது ஒரே புரதத்தைத்தான், இது ஒன்று புரிந்துவிட்டால் மீதி எளிதாகப் பிடிபடும்.

முதலில் அடிப்படை. நம் உடம்பில் செல்கள் ஓயாமல் இரண்டாகப் பிரிந்துகொண்டே இருக்கின்றன. ஒவ்வொரு முறை பிரியும்போதும் செல்லுக்குள் இருக்கும் டிஎன்ஏ முழுவதையும், அதாவது அம்மாவிடமிருந்து வந்த ஒரு பிரதி, அப்பாவிடமிருந்து வந்த ஒரு பிரதி என்று மொத்தம் 600 கோடிக்கும் மேற்பட்ட எழுத்துகளை, நகலெடுத்தாக வேண்டும். பிழை வராமல் இருக்குமா? வரும். அச்சுக்குப் போகும் பக்கத்தை ஒருவர் உட்கார்ந்து பிழைதிருத்துவதுபோல, செல்லுக்குள்ளேயே சில புரதங்கள் நகலைச் சரிபார்த்துத் தவறானதை வெட்டி எடுத்துச் சரியானதை வைக்கின்றன. அதையும் மீறித் தங்கிவிடும் பிழைகளில் பெரும்பாலானவை ஒரு தொந்தரவும் செய்யாது. ஆனால் செல்லைப் பிரியச் சொல்லித் தூண்டும் மரபணு நிற்காமல் இயங்க ஆரம்பித்தாலோ, பிரிவதை நிறுத்தச் சொல்லும் மரபணு கெட்டுப்போனாலோ, பிழைதிருத்தும் மரபணுவே பழுதாகிவிட்டாலோ ஆபத்து. அதுவும் ஒரே ஒரு பிழையால் நடந்துவிடுவதில்லை. ஒரே செல் வரிசையில் இப்படிப் பல சேர வேண்டும், அதற்குப் பொதுவாக வருடக்கணக்கில் ஆகும். வயதானவர்களிடம் கேன்சர் அதிகமாக இருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

சரி, பரம்பரை என்றால் இதில் எங்கே வருகிறது? இதை முதலில் தெளிவாகக் காட்டியது குழந்தைகளின் விழித்திரையில் வரும் ரெட்டினோபிளாஸ்டோமா என்ற அரிய கட்டி. ஆல்ஃபிரட் நட்சன் என்ற அமெரிக்க மருத்துவர் 1971ல் இந்த நோய் வந்த 48 பேரின் விவரங்களை எடுத்து வைத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பார்த்தார். குடும்ப வழியில் வந்த குழந்தைகளுக்குக் கட்டி சீக்கிரமே வந்தது, பல சமயம் இரண்டு கண்களிலும் வந்தது. குடும்பத்தில் யாருக்கும் இல்லாத குழந்தைகளுக்கு அது சற்றுத் தாமதமாக, ஒரு கண்ணில் மட்டும் வந்தது. இதிலிருந்து அவர் எடுத்த முடிவு: கட்டி உருவாக ஒரு மரபணுவின் இரண்டு பிரதிகளும் அடிவாங்க வேண்டும். சாதாரணமாகப் பிறக்கும் குழந்தையின் ஒரே செல்லில் இரண்டு அடியும் விழுவது மிக அபூர்வம். ஒரு பிரதி பழுதாகவே பிறக்கும் குழந்தைக்கோ உடம்பின் ஒவ்வொரு செல்லிலும் முதல் அடி ஏற்கெனவே விழுந்துவிட்டது, லட்சக்கணக்கான விழித்திரை செல்களில் எங்காவது ஒன்றில் இரண்டாவது விழுந்தால் போதும். அந்த மரபணு எது என்று 1986ல் கண்டுபிடித்தார்கள், ஆர்பி1 என்று பெயர். ஆர்பி என்ற இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், வைரஸ் பக்கம் போகும்போது மறுபடி வரும்.

இதில் கவனிக்க வேண்டியது, குழந்தைக்குப் பெற்றோரிடமிருந்து வந்தது கேன்சர் இல்லை, அதற்குத் தேவையான அடிகளில் ஒன்று மட்டும்தான். எல்லாக் கேன்சர்களையும் சேர்த்துப் பார்த்தால், இப்படிப் பிறவியிலேயே வரும் பலமான மரபணு மாற்றம் காரணமாக இருப்பது 5 முதல் 10 சதவீதம் வரைதான். ஆனால் அந்த மாற்றம் இருப்பவர்களுக்கு ஆபத்து சின்னதாக இருக்காது. பிஆர்சிஏ1 மரபணுவில் கேடான மாற்றம் உள்ள பெண்களில் 80 வயதுக்குள் மார்பகப் புற்றுநோய் வரும் வாய்ப்பு சுமார் 72 சதவீதம், சினைப்பைப் புற்றுநோய் வரும் வாய்ப்பு சுமார் 44 சதவீதம் என்று 2017ல் வெளியான பெரிய ஆய்வு சொல்கிறது. பிஆர்சிஏ2வில் அதுவே 69, 17. இரண்டுமே உடைந்த டிஎன்ஏவைச் சரிசெய்யும் மரபணுக்கள். இன்னொரு பரம்பரைக் கோளாறு லிஞ்ச் சிண்ட்ரோம், அதில் நகலெடுக்கும்போது வரும் பிழையைத் திருத்தும் மரபணுக்களில் ஒன்று பழுது, பெருங்குடலிலும் கருப்பையிலும் இளவயதிலேயே கட்டி வரலாம்.

இங்கே பலர் தவறவிடும் விஷயம் ஒன்று இருக்கிறது. மார்பகப் புற்றுநோய் என்றால் அம்மா வழியை மட்டும்தான் கேட்கிறார்கள். பிஆர்சிஏ மாற்றத்தை அப்பாவும் கொடுக்கலாம், யாரிடம் இருந்தாலும் ஒவ்வொரு பிள்ளைக்கும் போகும் வாய்ப்பு சரிபாதி. அப்பாவின் அக்கா, அப்பாவின் அம்மா என்று யாருக்காவது இளவயதில் மார்பக, சினைப்பைப் புற்றுநோய் வந்திருந்தால் அதை மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும், அவர் கேட்காவிட்டாலும். மாற்றம் இருக்கிறது என்று தெரிந்துவிட்டால் கைகட்டி உட்கார வேண்டியதில்லை. அடிக்கடி ஸ்கேன், தேவைப்பட்டால் முன்கூட்டியே அறுவை சிகிச்சை என்று வழிகள் இருக்கின்றன. லிஞ்ச் உள்ளவர்கள் ஓரிரு வருடங்களுக்கு ஒருமுறை, பெருங்குடலுக்குள் கேமரா விட்டுப் பார்க்கும் கொலனோஸ்கோப்பி செய்துகொண்டால் கட்டியாக மாறுவதற்கு முன்பே வளர்ச்சிகளை எடுத்துவிட முடிகிறது. தினமும் ஆஸ்பிரின் எடுத்துக்கொண்ட லிஞ்ச் நோயாளிகளுக்குப் பெருங்குடல் புற்றுநோய் கணிசமாகக் குறைந்தது என்று நீண்டகால ஆய்வே இருக்கிறது, ஆனால் ரத்தக்கசிவு ஆபத்து உண்டு என்பதால் அதை மருத்துவர் சொல்லாமல் யாரும் ஆரம்பிக்கக் கூடாது.

அப்புறம், குடும்பத்தில் பலருக்கு ஒரே கேன்சர் வந்தால் அது மரபணுவாகத்தான் இருக்கும் என்றும் சொல்ல முடியாது, ஏனென்றால் குடும்பம் மரபணுவை மட்டும் பகிர்வதில்லை. ஹெபடைடிஸ் பி வைரஸ் பிரசவத்தின்போது தாயிடமிருந்து குழந்தைக்குப் போகும். பெரியவர்களுக்கு இந்த வைரஸ் தொற்றினால் நூற்றில் ஐந்து பேருக்கும் குறைவாகத்தான் நிரந்தரமாகத் தங்குகிறது. பிறந்த குழந்தைக்குத் தொற்றினாலோ பத்தில் ஒன்பது குழந்தைகளுக்குத் தங்கிவிடும். பல பத்தாண்டுகள் கழித்து அம்மாவுக்கும் மாமாவுக்கும் பிள்ளைக்கும் கல்லீரல் புற்றுநோய் என்று வரிசையாக வரும்போது, வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது அச்சு அசல் பரம்பரை நோய் போலவே தெரியும். உண்மையில் அந்த வீட்டில் கைமாறியது வைரஸ். தைவானில் 1984ல் தொடங்கி பிறந்த குழந்தைகளுக்கு ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போட ஆரம்பித்தார்கள். 6 முதல் 14 வயதுக் குழந்தைகளிடம் கல்லீரல் புற்றுநோய் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்துவிட்டதை 1997ல் வெளியிட்டார்கள். ஒரு புற்றுநோயை ஊசி போட்டுத் தடுக்கலாம் என்பதை உலகத்துக்கு முதலில் காட்டியது இதுதான், பிறந்த 24 மணி நேரத்துக்குள் அந்த ஊசியைப் போட வேண்டும் என்று மருத்துவர்கள் அவசரப்படுத்துவதற்குக் காரணமும் மேலே சொன்ன அந்தப் பத்தில் ஒன்பது கணக்குதான்.

வைரஸால் புற்றுநோய் வரும் என்ற எண்ணம் ரொம்பப் பழையது. பெய்டன் ரவுஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1911லேயே ஒரு கோழியின் கட்டியை அரைத்து, செல்கள் எல்லாம் நீங்கும்படி வடிகட்டி, அந்தச் சாற்றை வேறு கோழிக்குச் செலுத்தி அதற்கும் கட்டி வருவதைக் காட்டினார். மனிதர்களுக்கு இது பொருந்தாது என்று நெடுங்காலம் ஒதுக்கி வைத்திருந்தார்கள். அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது 1966ல், அவருடைய 87வது வயதில். அதற்கு இரண்டு வருடங்கள் முன்புதான் எப்ஸ்டைன், பார், ஆச்சாங் என்ற மூன்று ஆய்வாளர்கள் ஆப்பிரிக்கக் குழந்தைகளின் தாடைக் கட்டியிலிருந்து வந்த செல்களில், மனிதப் புற்றுநோயோடு தொடர்புள்ள முதல் வைரஸை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்திருந்தார்கள்.

எச்பிவி (மனித பாப்பிலோமா வைரஸ்) என்ற வைரஸின் கதையைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம், ஏனென்றால் வைரஸும் மரபணுவும் சந்திக்கும் இடம் இதில்தான் நன்றாகத் தெரிகிறது. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கு ஹெர்பிஸ் வைரஸ்தான் காரணம் என்று பலரும் நம்பிய காலத்தில், ஜெர்மனியைச் சேர்ந்த ஹரால்ட் சூர் ஹவுசன் அது எச்பிவிதான் என்று விடாமல் தேடினார், 1983ல் கட்டித் திசுவில் எச்பிவி 16 வகையையும் அடுத்த வருடம் 18 வகையையும் கண்டுபிடித்தார். உலகில் இந்தப் புற்றுநோயில் சுமார் 70 சதவீதத்துக்கு இந்த இரண்டு வகைகளும்தான் காரணம்.

இந்த வைரஸுக்கு ஒரு சிக்கல் உண்டு. தன்னை நகலெடுக்கத் தேவையான கருவிகள் அதனிடம் கிடையாது, அது நம் செல்லின் கருவிகளைத்தான் நம்பியிருக்கிறது. ஆனால் அது பெருக வேண்டிய மேலடுக்கு செல்கள் ஏற்கெனவே பிரிவதை நிறுத்திவிட்டவை, நகலெடுக்கும் கருவிகள் அங்கே ஓய்ந்துவிட்டன. அதனால் வைரஸ் ஈ7 என்ற புரதத்தைத் தயாரிக்கிறது. ஈ7 போய் ஒட்டிக்கொண்டு செயலிழக்கச் செய்வது எதை என்றால், செல்லைப் பிரியவிடாமல் பிடித்து வைத்திருக்கும் ஆர்பி புரதத்தை. ஆமாம், ரெட்டினோபிளாஸ்டோமா குழந்தைகளிடம் பிறவியிலேயே பாதி பழுதாக இருக்கும் அதே ஆர்பி. பிடி விட்டதும் செல் மறுபடி டிஎன்ஏவை நகலெடுக்க ஆரம்பிக்கிறது. இப்படி நேரங்கெட்ட நேரத்தில் பிரியத் தொடங்கும் செல்லைக் கண்டுபிடித்து, அதைத் தானே அழிந்துபோகச் சொல்லும் இன்னொரு காவல் புரதம் உண்டு, அதன் பெயர் பி53. அதைச் சமாளிக்க வைரஸ் ஈ6 என்ற இரண்டாவது புரதத்தை அனுப்புகிறது, அது செல்லின் கழிவு நீக்கும் அமைப்பையே பயன்படுத்தி பி53ஐ அழித்துவிடுகிறது. லி, ஃப்ராமெனி என்ற இரண்டு மருத்துவர்கள் 1969ல் விவரித்த சில குடும்பங்களில் குழந்தைப் பருவத்திலிருந்தே வெவ்வேறு உறுப்புகளில் புற்றுநோய் வந்துகொண்டிருந்தது. அவர்களிடம் பழுதாக இருந்தது இந்த பி53 மரபணுதான் என்று பிற்பாடு தெரிந்தது. ஒரு குடும்பத்தில் பிறவியிலேயே இழந்ததை, வேறொருவரிடம் வைரஸ் வந்து அழிக்கிறது. "பரம்பரையா, கிருமியா?" என்று இரண்டாகப் பிரித்துக் கேட்பது பொருந்தாது என்று நான் சொல்வது இதனால்தான்.

இதைப் படித்துப் பயப்பட வேண்டாம். எச்பிவி தொற்று மிகச் சாதாரணமாக வருவது, பத்தில் ஒன்பது தொற்றுகள் இரண்டு வருடங்களுக்குள் தாமாகவே மறைந்துவிடும். மறையாமல் தங்கும் சிலரிடம்தான் செல்கள் மெல்ல மாறுகின்றன, அதுவும் புற்றுநோயாக மாறப் பெரும்பாலும் பத்து இருபது வருடங்கள் எடுக்கும், அந்த இடைவெளியில் பரிசோதனை செய்துகொண்டால் பிடித்துவிடலாம். 2006ல் தடுப்பூசி வந்தது. இங்கிலாந்தில் 12, 13 வயதில் அந்த ஊசியைப் போட்டுக்கொண்ட பெண்களிடம் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் 87 சதவீதம் குறைந்திருந்தது என்று 2021ல் கணக்கு வெளியானது. தொண்டையின் பின்பகுதியில் வரும் ஒரு வகைப் புற்றுநோய்க்கும் எச்பிவி 16 காரணம் என்பதால் இது பெண்களுக்கு மட்டுமான விஷயமும் இல்லை. மகளுக்கு இந்த ஊசியைப் போடுவதா வேண்டாமா என்று தயங்கும் பெற்றோருக்கு என் பதில் ஒன்றுதான்: போடுங்கள், தள்ளிப் போடாதீர்கள், வைரஸைச் சந்திப்பதற்கு முன்பு போட்டால்தான் அதன் முழுப் பலனும் கிடைக்கும்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். தொற்றுவது வைரஸ்தான், புற்றுநோய் தொற்றாது. நோயாளியைத் தொடுவதாலோ கூட உட்கார்ந்து சாப்பிடுவதாலோ அவருடைய கேன்சர் யாருக்கும் வராது. இதைத் தெரியாமல் சொந்தக்காரர்களே ஒதுங்கிப்போவது அந்த நோயாளிக்கு நோயைவிடப் பெரிய வலி.

எல்லா வைரஸும் எச்பிவி போல நேரடியாகக் காவல் புரதங்களைத் தாக்குவதில்லை. ஹெபடைடிஸ் சி நம் டிஎன்ஏவுக்குள் நுழைவதே கிடையாது. வருடக்கணக்கில் கல்லீரலில் அழற்சியை மூட்டி வைக்கிறது, செல்கள் செத்துச் செத்துப் புதிதாக வளர வேண்டியிருக்கிறது, வளரும் ஒவ்வொரு முறையும் நகல் பிழைக்கு ஒரு வாய்ப்பு. இதற்குத் தடுப்பூசி இல்லை, ஆனால் இப்போது இருக்கும் மாத்திரைகளை 8 முதல் 12 வாரங்கள் சாப்பிட்டால் 95 சதவீதத்துக்கும் அதிகமானவர்களுக்கு வைரஸே போய்விடுகிறது.

இனி வாய்க்கு வருவோம். நம் வாயில் 700க்கும் மேற்பட்ட பாக்டீரியா இனங்களை அடையாளம் கண்டிருக்கிறார்கள், பெரும்பாலானவை நமக்கு ஒரு கெடுதலும் செய்யாதவை, சில நமக்கு வேண்டியவை. ஈறுக்கும் பல்லுக்கும் இடையில் படியும் படலத்தில் வாழும் ஒன்றுக்கு ஃபுசோபாக்டீரியம் நியூக்ளியேட்டம் என்று பெயர். 2011ல் அமெரிக்காவிலும் கனடாவிலும் இரண்டு குழுக்கள் தனித்தனியாகப் பெருங்குடல் கட்டிகளை ஆராய்ந்தபோது, பக்கத்தில் இருந்த நல்ல திசுவைவிடக் கட்டிக்குள் இந்த வாய் பாக்டீரியா அதிகமாக இருந்தது. வாய்க்கும் பெருங்குடலுக்கும் எவ்வளவு தூரம்! விழுங்கும் எச்சில் வழியாகப் போயிருக்கலாம், ஈறிலிருந்து ரத்தத்தில் கலந்தும் போயிருக்கலாம். இந்த பாக்டீரியாவின் மேற்பரப்பில் இருக்கும் ஒரு புரதம், பெருங்குடல் கட்டி செல்களின் மேல் அதிகமாக இருக்கும் ஒரு சர்க்கரை மூலக்கூறைப் பிடித்துக்கொள்கிறது. அதே புரதம் நோயெதிர்ப்பு செல்களின் மேல் இருக்கும் ஒரு ஏற்பியோடும் ஒட்டி, அவை கட்டியைத் தாக்காமல் அடக்கிவைக்கிறது. ஃபாட்ஏ என்ற இன்னொரு புரதம் செல்லைப் பிரியத் தூண்டும் சமிக்ஞையைக் கிளப்புகிறது.

2017ல் வெளியான ஆய்வு எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. பெருங்குடலிலிருந்து கல்லீரலுக்குப் பரவிய கட்டியிலும் அதே பாக்டீரியா உயிரோடு இருந்தது, கட்டி செல்களோடு சேர்ந்தே பயணம் செய்திருக்கிறது. அந்த மனிதக் கட்டிகளை எலியில் வளர்த்து மெட்ரோனிடசோல் என்ற ஆன்டிபயாட்டிக்கைக் கொடுத்தபோது பாக்டீரியாவும் குறைந்தது, கட்டியின் வளர்ச்சியும் மெதுவானது. 2024ல் சியாட்டிலில் உள்ள ஃபிரெட் ஹட்சின்சன் புற்றுநோய் மையத்தின் குழு, ஏறக்குறைய 200 நோயாளிகளின் கட்டிகளைப் பார்த்து, இந்த பாக்டீரியாவில் ஒரு குறிப்பிட்ட துணை வகைதான் கட்டிகளில் அதிகம் இருக்கிறது, அதுவும் சுமார் பாதிப் பேரிடம் இருக்கிறது என்று காட்டியது.

ஆனால் ஒரு வித்தியாசத்தை இங்கே நேராகச் சொல்ல வேண்டும். எச்பிவி புற்றுநோயை உண்டாக்குகிறது என்பது நிரூபணமான ஒன்று. ஃபுசோபாக்டீரியம் கட்டி வளர உதவுகிறது, சிகிச்சையைக் கடினமாக்குகிறது என்பதற்குத்தான் ஆதாரம் பலமாக இருக்கிறது, நல்ல குடலில் முதல் கட்டியை ஆரம்பித்து வைப்பது அதுதான் என்று சொல்லிவிட முடியாது. ஈறு நோயை உண்டாக்கும் போர்ஃபைரோமோனாஸ் ஜிஞ்ஜிவாலிஸுக்கும் கணையப் புற்றுநோய்க்கும் தொடர்பு இருப்பதாகச் சொல்லும் ஆய்வுகளுக்கும் இதே கவனம் தேவை. புகைபிடிப்பவருக்கு ஈறும் கெடும், கணையத்துக்கும் ஆபத்து என்பதால் எது எதன் விளைவு என்று பிரிப்பது லேசான வேலை இல்லை. அதனால் "இந்த மவுத்வாஷ் கேன்சரைத் தடுக்கும்" என்று யாராவது விற்க வந்தால் நம்பாதீர்கள். ஈறில் ரத்தம் வந்தால் பல் மருத்துவரைப் பாருங்கள், அது ஈறுக்காகவே செய்ய வேண்டியது. வாயில் இரண்டு மூன்று வாரங்கள் ஆகியும் ஆறாத புண்ணோ வெள்ளைத் திட்டோ இருந்தால் அன்றைக்கே காட்டுங்கள். வாய்ப் புற்றுநோய்க்குப் பெரிய காரணங்கள் இன்றைக்கும் புகையிலையும் மதுவும்தான்.

மது என்றதும் மரபணுவும் வாய் பாக்டீரியாவும் கைகோக்கும் ஓர் இடம் வருகிறது. மது உடம்பில் முதலில் அசிட்டால்டிஹைடு என்ற பொருளாக மாறுகிறது, இது டிஎன்ஏவில் ஒட்டி அதைச் சேதப்படுத்தும். கல்லீரல் மட்டும் இதைச் செய்வதில்லை, வாயில் இருக்கும் சில பாக்டீரியாக்களும் மதுவை அங்கேயே அசிட்டால்டிஹைடாக மாற்றுகின்றன, அதனால் எச்சிலில் அதன் அளவு ரத்தத்தில் இருப்பதைவிட அதிகமாகவே இருக்கும். விழுங்கும் ஒவ்வொரு முறையும் அது உணவுக்குழாயை நனைத்துக்கொண்டு போகிறது. இந்த நஞ்சை உடைப்பது ஏஎல்டிஎச்2 என்ற நொதி. கிழக்கு ஆசிய மக்களில் பலருக்கு இந்த நொதி பிறவியிலேயே பலவீனம், குடித்ததும் முகம் சிவந்துவிடும். பெற்றோர் இருவரிடமிருந்தும் பலவீனமான பிரதி வந்தவர்களுக்குக் குடிக்கவே முடியாது, அதனால் தப்பித்துவிடுகிறார்கள். ஒரு பிரதி மட்டும் வந்தவர்கள் பழகிப் பழகிக் குடிக்கக் கற்றுக்கொள்கிறார்கள், உணவுக்குழாய்ப் புற்றுநோய் ஆபத்து பலமாக ஏறுவது இவர்களுக்குத்தான். அந்த மரபணு மாற்றம் இருந்தும் மதுவைத் தொடாதவருக்கு இந்த ஆபத்து ஏறுவதில்லை.

இதே போன்ற இன்னொரு சேர்க்கை இரைப்பையில் நடக்கிறது. ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற பாக்டீரியா பெரும்பாலும் சின்ன வயதில், வீட்டில் இருப்பவர்களிடமிருந்தே தொற்றுகிறது. இரைப்பைப் புற்றுநோய்க்கு இது உறுதியான காரணம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1994லேயே வகைப்படுத்திவிட்டது. ஜப்பானில் ஆயிரக்கணக்கானவர்களை ஆராய்ந்து 2023ல் வெளியிட்ட முடிவு இது: பைலோரி தொற்று இருந்து, மரபணுக் கோளாறு இல்லாதவர்களுக்கு 85 வயதுக்குள் இரைப்பைப் புற்றுநோய் வரும் வாய்ப்பு 14.4 சதவீதம். அதே தொற்றோடு பிஆர்சிஏ1, பிஆர்சிஏ2 போன்ற டிஎன்ஏவைப் பழுதுபார்க்கும் மரபணுக்களிலும் கோளாறு இருந்தால் 45.5 சதவீதம். தொற்று இல்லாதவர்களுக்கோ, அந்த மரபணுக் கோளாறு இருந்தாலும்கூட ஆபத்து மிகக் குறைவாகவே இருந்தது. பாக்டீரியா அழற்சியால் டிஎன்ஏவை உடைக்கிறது, உடைந்ததைச் சரிசெய்ய வேண்டிய மரபணு பிறவியிலேயே பழுது, அதனால்தான் இரண்டும் சேர்ந்தால் இப்படி ஏறுகிறது.

பிறவியில் வந்த மரபணுவை மாற்ற முடியாது, பைலோரியை நீக்க முடியும். மூச்சுப் பரிசோதனையிலோ மலப் பரிசோதனையிலோ அது இருக்கிறதா என்று தெரிந்துவிடும், இருந்தால் இரண்டு வாரம் வரை ஆன்டிபயாட்டிக்கும் அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையும் சேர்த்துக் கொடுப்பார்கள். பாதியில் மாத்திரையை நிறுத்தினால் கிருமி பிழைத்துக்கொள்ளும், மருந்துக்கு அடங்காததாகவும் ஆகிவிடும். முடித்தபின் குறைந்தது நான்கு வாரம் கழித்து மறுபடி பரிசோதித்து, கிருமி போய்விட்டதை உறுதி செய்துகொள்ள வேண்டும். குடும்பத்தில் இரைப்பைப் புற்றுநோய் வந்தவர்கள் இந்தப் பரிசோதனையைத் தாங்களாகவே மருத்துவரிடம் கேட்கலாம், இரைப்பைச் சுவர் ஏற்கெனவே தேய்ந்திருந்தால் கிருமி போன பிறகும் அவ்வப்போது எண்டோஸ்கோப்பி செய்துகொள்ளச் சொல்வார்கள், அதையும் விட்டுவிடக் கூடாது.